நாற்பது தப்படி தூரத்தில் ஒரு டப்பா

மூடி ஒழுங்காகப் பொருந்துகிற டப்பா இந்தக் காலத்தில் கிடைப்பதே இல்லை, ஐயா. தண்ணீர் புகவே புகாது என்று கடைக்காரர் சத்தியம் செய்வார். முதல் மழையிலேயே உள்ளே இருப்பது ஊறிப்போயிருக்கும். நான் வாங்கும் ஒவ்வொரு டப்பாவுக்குள்ளும் ஒரு காகிதத்தைப் போட்டு, நாள் முழுக்க வாளித் தண்ணீரில் அமுக்கி வைப்பேன். காகிதம் காய்ந்தபடியே இருந்தால்தான் அந்த டப்பா எனக்கு ஆகும். என் பொறுமை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஆத்திரத்தில் செய்துவிட்டான் என்று நீங்கள் எழுதினால் அது சரியாக இருக்காது.

லெட்டர்பாக்ஸ் என்று நான் சொன்னதும் உங்கள் எழுத்தர் தபால்பெட்டி என்று எழுதிக்கொண்டார். அதைத் திருத்திவிடுங்கள். ஒரு சின்ன டப்பா, அதற்குள் கையால் செதுக்கிய ரப்பர் முத்திரை, ஒரு நோட்டு. அதை எங்காவது ஒளித்து வைத்துவிட்டு, போய்ச் சேரும் வழியைக் குறிப்பாக எழுதி வெளியிடுவோம். தேடி வருகிறவர் என் முத்திரையைத் தன் நோட்டில் குத்திக்கொள்வார், தன் முத்திரையை என் நோட்டில் குத்துவார், எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துவிட்டுப் போவார். நான் பல் செட் செய்கிறவன். நாள் முழுக்க ஊரார் கடைவாய்ப் பல்லைச் செதுக்குகிற கைக்கு இது ஓய்வு.

ஜியோகேஷ் என்பது வேறு. அதுவும் ஒளித்து வைத்த டப்பாதான், ஆனால் அதற்குக் குறிப்பு கிடையாது, எண்கள்தான். எண்ணைப் போனில் போட்டுவிட்டு, தலையைக் குனிந்தபடி போன் காட்டுகிற திசையில் நடப்பார்கள். வழியில் மரம் இருந்ததா, மலை இருந்ததா என்று கேட்டால் விழிப்பார்கள். டப்பாவுக்குள் பொம்மை, சாவிக்கொத்து என்று ஏதாவது கிடக்கும். ஒன்றை எடுத்தால் இன்னொன்றைப் போட வேண்டும். அவர்களுடைய நாகரிகம் அவ்வளவுதான். அவர்கள் கையில் எங்கள் டப்பா சிக்கினால், முத்திரையை எடுத்துக்கொண்டு பிளாஸ்டிக் தவளையைப் போட்டுவிடுவார்கள். அதனால்தான் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. இடம் பிடிக்கும் முன் வரைபடத்தைப் பார்த்து, இருநூறு தப்படிக்குள் ஜியோகேஷ் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்வோம்.

என் மனைவியின் தம்பி அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன். நீங்கள் கேட்பதும் அவனைப் பற்றித்தானே, வருகிறேன். லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் பத்து மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவன், உயரம் என்றால் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. நல்ல பையன்தான், அதை நான் மறுக்கவில்லை. சிரித்துக்கொண்டே இருப்பான். எப்போதும்.

ஊருக்கு வெளியே மூடிப்போன கல்குவாரி இருக்கிறதே, அதன் மேல்பகுதியில் காவல்காரர் கொட்டகையின் ஒற்றைச் சுவர் மட்டும் மிச்சம். அந்தச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு கல் கழன்று வரும். அதற்குப் பின்னால் ஒரு பொந்து. மழை அடிக்காது, வெயில் படாது, குனிந்து பார்த்தாலும் தெரியாது. பன்னிரண்டு வருஷமாக இடம் தேடுகிறவன் நான். அப்படி ஒரு இடத்தைப் பார்த்ததில்லை. பார்த்த அன்றே மனசு அங்கேயே தங்கிவிட்டது. முத்திரைக்காக மரங்கொத்தி ஒன்றை ஆறு வாரம் உட்கார்ந்து செதுக்கினேன். குறிப்பு எழுத மூன்று வாரம். அந்தச் சந்தோஷத்தில் மைத்துனனையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டினேன். நான் செய்த ஒரே தவறு அதுதான்.

பத்து நாள் கழித்து வரைபடத்தைப் பார்த்தால், சுவரிலிருந்து சரியாக நாற்பது தப்படியில் புதிதாக ஒரு ஜியோகேஷ். வைத்தவர் பெயரைப் பார்த்தேன். என் மைத்துனனேதான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தபோது பதமாகத்தான் கேட்டேன். இருநூறு தப்படி வழக்கத்தை விளக்கினேன். கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவன் சிரித்தான்.

"அத்தான், எனக்கு அறுபது பேர் வந்துட்டுப் போயாச்சு. நீங்க தள்ளி வச்சுக்குங்களேன். ரெண்டு வரி மாத்தி எழுதினா முடிஞ்சுது."

ரெண்டு வரி. மூன்று வாரம் எழுதியதை. ஒரு டப்பாவுக்கா ரெண்டு பேரும் முறைத்துக்கொள்கிறீர்கள் என்று என் மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் எப்போதும் தம்பி கட்சி.

வழக்கத்தை மீறிப் பொந்தில் என் டப்பாவை வைத்துப் பார்த்தேன். ஒன்பதாம் நாள் மரங்கொத்தி இல்லை. பச்சை நிறத்தில் ஒரு தவளை இருந்தது. நோட்டில், "அருமையான பொருள், நன்றி" என்று எழுதிச் சிரிக்கும் முகம் வேறு வரைந்திருந்தார்கள். மைத்துனனிடம் காட்டினேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். தவளையை எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டான். எனக்கு வலித்தது, ஐயா. அதை ஒளிக்க என்ன இருக்கிறது.

பிறகு நான் செய்தது ஒன்றும் பெரிய விஷயமில்லை. அவன் டப்பாவை இடம் மாற்றினேன். இடம் மாற்றுவது என்றால் கண்டபடி இல்லை. என் டப்பாவுக்கு எப்படி இடம் பார்ப்பேனோ அதே கவனத்தோடுதான். என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது, நீங்கள்தான் எடுத்து வைத்திருக்கிறீர்கள். நான் பார்த்து வேண்டாம் என்று தள்ளிய இடங்களும் அதில் உண்டு. பதினேழாம் பக்கத்தில் குவாரி விளிம்பைப் பற்றி எழுதியிருப்பேன்: மேலே புல், கீழே மண் அரித்துவிட்டது, ஆள் நின்றால் தாங்காது, தேடி வருகிறவர்களுக்கு ஆபத்து, தகுதியில்லை. அந்த இடத்தைத்தான் எடுத்துக்கொண்டேன். எனக்குத் தகுதியில்லாத இடம் அவர்களுக்குப் போதும் என்று தோன்றியது. நீளக் கழியால் டப்பாவைத் தள்ளிக்கொண்டு போய் நுனியில் வைத்தேன். ஆரஞ்சு நிற மூடி, தூரத்திலிருந்தே தெரியும்.

ஒரு டப்பாவைக் காணவில்லை என்று மூன்று பேர் எழுதினால், வைத்தவர் நேரில் வந்து பார்க்க வேண்டும். அது அவர்களுடைய வழக்கம். மூன்று பெயரில் நானே எழுதினேன். மூன்றாவது ஒரு பெண்மணி. விளிம்பில் ஆரஞ்சு மூடி தெரிகிறது, எனக்கு உயரம் என்றால் பயம், எடுக்கவில்லை, மன்னியுங்கள் என்று எழுதினார். நன்றாகவே எழுதியிருந்தார். கவலைப்படாதீர்கள், இந்த வாரம் போய் எடுத்துவிடுகிறேன் என்று மைத்துனன் அவருக்குப் பதில் போட்டான். வழக்கம்போல் ஒரு சிரிக்கும் முகம்.

வேறு யாராவது போய் விழுந்து வைக்கக் கூடாது என்ற பொறுப்பு எனக்கு இருந்தது. வேலைக்கு லீவு போட்டுவிட்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை சுவரடியில் உட்கார்ந்தேன். செவ்வாய்க்கிழமை ஒரு கணவனும் மனைவியும் போனைப் பார்த்தபடி வந்தார்கள். அந்தப் பக்கம் தேன்கூடு கலைந்திருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அந்த அம்மா எனக்கு நன்றி சொன்னார். அவர்களை நீங்கள் விசாரிக்கலாம்.

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு அவன் வந்தான். என்னைப் பார்த்ததும் சந்தோஷம். இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டான். வேறு இடம் பார்க்கிறேன் என்றேன். பாவம், நம்பினான். நம்பியது மட்டுமில்லை, பக்கத்தில் உட்கார்ந்து வருத்தப்பட்டான்.

"கோவிச்சுக்காதீங்க அத்தான். அக்காவும் ரொம்பச் சொல்லிட்டா. இன்னிக்கு அந்த டப்பாவை எடுத்துட்டு நான் வேற பக்கம் போயிடறேன். இந்த இடம் உங்களுக்குத்தான்."

இதை நான் மறைத்திருக்கலாம். கேட்டவர்கள் வேறு யாரும் இல்லை. ஆனால் வாக்குமூலம் என்றால் முழுசாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதைக் கேட்டபோது எனக்கு என்ன தோன்றியது என்று நீங்கள் கேட்பீர்கள். இடம் கிடைத்துவிட்டது என்று தோன்றியது. அப்புறம், அவன் விட்டுக்கொடுத்து எனக்குக் கிடைத்த இடம் என்று ஆயுசு முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்க வேண்டியிருக்குமே என்றும் தோன்றியது. தட்டை வைத்துக்கொண்டு சிரித்தபடி சொல்வான்.

எழுந்து நாலடி நடந்தான். திரும்பிப் பார்த்தான். அவன் தொழில் அப்படி, கால் வைக்கும் முன் கேட்டுக்கொள்கிறவன்.

"தரை கெட்டியா இருக்குமா அத்தான்? நீங்க நடந்து பாத்தீங்களா?"

"நடந்து பாத்தேன். போ."

இதுதான் நீங்கள் மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருப்பது. நான்தான் சொன்னேன். தெரிந்தேதான் சொன்னேன்.

விழுந்ததும் அவன் உயிர் உடனே போய்விடவில்லை. கீழேயிருந்து அத்தான், அத்தான் என்று கூப்பிட்டான். இருபது நிமிஷம் இருக்கும். போன் செய்திருக்கலாமே என்கிறீர்கள். தேடலுக்குப் போகும்போது நான் போன் எடுத்துப் போவதில்லை, அது எங்கள் ஒழுங்கு. ஓடிப்போய் ஆளைக் கூட்டி வந்திருக்கலாம், அதுவும் உண்மைதான். ஆனால் புதிதாகச் செதுக்கிய மரங்கொத்தி பையிலேயே இருந்தது. இருநூறு தப்படிக்குள் அப்போது வேறு டப்பாவும் இல்லை. முதலில் அதைப் பொந்துக்குள் வைத்துக் கல்லைப் பொருத்தினேன். கூப்பிடும் சத்தம் நின்ற பிறகுதான் கீழே இறங்கினேன்.

என் மனைவி இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை. வந்தால் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லலாம் என்றிருக்கிறேன். ஒன்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. உங்கள் ஆட்கள் நாலு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு அந்தச் சுவரை உரசிக்கொண்டுதான் போனார்கள். ஒருவர் கைமுட்டி என் கல்லின் மேலேயே பட்டது. நாலு பேரில் ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை, அவ்வளவு நல்ல இடம்.