வாசலுக்குக் கல் பாவுதல்

அரிமளத்திலிருந்து புதுக்கோட்டை செல்லும் பேருந்தில், மனத்துள் பதிகம் ஓதியவாறு அமர்ந்திருந்தேன். முன்னிருக்கையில் ஒரு கணவனும் மனைவியும், கட்டவிருக்கும் வீட்டின் வரைபடத்தை மடியில் விரித்திருந்தனர். அப்பெண் சொன்ன ஒரு சொல்லில் என் ஓதல் நின்றுபோயிற்று.

“நம்ம புள்ள மேலயா காரை நிறுத்தப் போறீங்க?”

“மெதுவாப் பேசு சுமதி. வாசல் பூரா பேவர் கல்லு போட்டுட்டா மழைக்குச் சேறு இருக்காதுன்னு பாத்தேன்.”

“போடுங்க. ஊஞ்சல் கட்டுங்க, துபாய்ல பாத்த மாதிரி பவுண்டன்கூட வைங்க. அந்த வேப்பமரத்து மூலையை மட்டும் விட்ருங்க. பொறந்த அன்னைக்கே போன புள்ள. மொகத்தைக்கூட எனக்குக் காட்டல. ஒங்க கையாலதானே பொதச்சீங்க?”

அவர் வரைபடத்தை மடித்தார். மீண்டும் விரித்தார்.

“போன வாரம் மனையை மட்டப்படுத்துனப்ப, நான் டீ குடிக்கப் போயிட்டேன். ஜேசிபிக்காரன் வேம்பைப் புடுங்கிட்டான். அந்த மூலை மேடா இருக்குன்னு, மண்ணை அள்ளி வாசல் பூரா நெரவிட்டான். எந்த எடம்னு இப்ப எனக்கே தெரியலம்மா. நீ தேடக்கூடாதுன்னுதான் பூரா கல்லு போடச் சொன்னேன்.”

அவள் அழவில்லை. வரைபடத்தைத் தன் மடிக்கு இழுத்து, வாசல் பகுதி முழுவதையும் உள்ளங்கையால் தடவினாள்.

“அப்ப வாசல்ல எங்கிட்டும் கல்லு வேணாங்க. காரு ரோட்டுலயே நிக்கட்டும்.”