ரிசீவர் யார் காதில்

— இது என்ன அப்பு, இம்புட்டுப் பெரிய பள்ளம்?

— அதான்க்கா கிராண்ட் கேன்யன். நம்ம திண்டுக்கல் மலைக்கோட்டைய அப்படியே தூக்கி உள்ள போட்டாலும் எங்க கெடக்குன்னு தேடணும். அடியில பாரு, ஆறு.

— இந்தத் துணிக்குடிசை?

— டென்ட்டு. அதுலதான் நாலு நாளும் படுக்கை. ஆறு மாசத்துக்கு முன்னாடியே எழுதிப்போட்டு பர்மிட் வாங்கணும்க்கா, லேசுல கெடைக்காது.

— நல்லாத்தான் சிரிச்சிருக்க. பின்னாடி தேதி எழுதிருக்கியே, மே பதினாறு. அன்னிக்கு அம்மாவ ஐஸ் மேல கெடத்திருந்தோம்.

— அக்கா...

— தாய்க்குக் கடைசிப் பிள்ளைதான் கொள்ளி வைக்கணும்னு ரெண்டு நாளு உனக்காகப் பாத்தோம். ஐஸ் தண்ணி வாசல் வரைக்கும் ஓடுச்சு. பெறகு பெரியண்ணன் வச்சாரு.

— பள்ளத்துக்குள்ள தந்தி ஏதுக்கா? ரூமுக்குத் திரும்புனப்பறம்தான் பாத்தேன். முடியலன்னு முன்னாடியே ஒரு போன் பண்ணிருந்தா பர்மிட்டக் கிழிச்சுப் போட்டுட்டு ஓடி வந்திருப்பேன்.

— பண்ணோமே. சாகுறதுக்கு மூணு நாள் முந்தி, பக்கத்து முனீர் வீட்டு போன்லருந்து. பேரு சொல்லிக் கேக்குற டிரங்க் காலு. ஆள் இருந்தாத்தான் பேச விடுவாக.

— ம்... கூட இருக்குற பையன் சொன்னான்.

— அவன்தான் இங்கிலீசுல பதில் சொன்னானாம். ஸ்ரீஹரி இல்ல, கேன்யனுக்குக் கெளம்பிட்டான், எட்டு நாளாகும்னு. ஆபரேட்டர் எங்களுக்குச் சொல்லிட்டு வச்சிட்டா.

— பாத்தியா. நான் அப்பவே போயிட்டேன்ல.

— நாங்க பேசுனது பன்னெண்டாந் தேதி அப்பு. இந்தா, நீ மூட்டையோட கார்ல ஏறுற படம். பதினாலுன்னு உன் கையெழுத்துல போட்டிருக்கு.

— கல்யாணப் பேச்சுக்குக் கூப்பிடுறீகன்னு நெனச்சேன்க்கா. ஊருக்கு வான்னு சொன்னா டிரிப்பு போயிரும். அதான் கூட இருக்குற பையன் மாதிரி நானே பேசிட்டேன். சாமி சத்தியமா வேற எதுவும் தோணல.

— ஓகோ.

— யார்ட்டயும் சொல்லிறாத. நல்லவேளை, அம்மாவுக்குத் தெரியாமப் போச்சு.

— உன் குரலக் கேக்கணும்னு கட்டிலோட தூக்கிட்டுப் போகச் சொன்னா. அந்தப் பதில் வந்தப்ப ரிசீவர் அவ காதுலதான் இருந்துச்சு, பெறகுதான் நான் வாங்குனேன். எம்புள்ளதான் பேசுறான், வாரேங்கிறான்னா. அது வேற பையன்னு நாங்க அத்தனை பேரும் சொல்லியும் கேக்கல. கஞ்சி குடிக்காம வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தா. புத்தி பெரண்டுருச்சுன்னு, சாகக் கெடந்தவள நான் வாயில அடிச்சேன் அப்பு.