நாலடி இரண்டு அங்குலம்

நான் பிடித்த மீன் எதுவும் ஓர் ஆள் உயரத்துக்குக் குறைந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் ஐயா. பிறகு என் பேச்சில் எதைப் பாதியாக்குவது, எதை அப்படியே எழுதிக்கொள்வது என்று நீங்கள் திண்டாடக் கூடாது. என் பூனை ஒரு நாயைத் துரத்திக்கொண்டு அடுத்த ஊர் வரை போய், பஸ்ஸில் திரும்பி வந்தது. அடுத்தவர் காதில் பூ சுற்றுவதென்றால் எனக்கு அவ்வளவு இஷ்டம்.

ஆனால் தண்ணீர் விஷயத்தில் நான் சுத்தம். முப்பத்தொன்பது வருடம் அணையில் நீர்மட்டம் குறித்தவன். அரை அங்குலம் பிசகியதில்லை. தண்ணீரைப் பற்றி நான் சொன்னது ஒரே ஒரு பொய். அதையும் பெரிதாக்கிச் சொல்லவில்லை, சிறிதாக்கித்தான் சொன்னேன்.

அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் இரண்டே வீடு. மேட்டில் என்னுடையது. தண்ணீரை ஒட்டி இன்னொன்று. அதன் சொந்தக்காரர் தூரத்தில் இருந்தார், சாவி என்னிடம். ‘விற்பனைக்கு’ என்ற பலகை தொங்கித் தொங்கி, அதில் கூடு கட்டிய குருவி பேரன் பேத்தி எடுத்துவிட்டது. என் மனைவி போய் ஒன்பது வருடம். சில நாட்களில் என் முதல் வார்த்தை வாயை விட்டு வெளியே வரச் சாயங்காலம் ஆகிவிடும். போனில் தப்பான நம்பர் வந்தால் விடமாட்டேன். ஒருவர் நாற்பது நிமிடம் பேசிவிட்டு, கடைசியில் என் முதுகுவலிக்குத் தைலம் சொல்லிவிட்டு வைத்தார்.

வீட்டைப் பார்க்க வந்தவர்கள் நான்கு பேர். எலக்ட்ரீஷியன், நர்ஸாக இருக்கும் அவர் மனைவி, எட்டு வயது மகள், அவருடைய அப்பா. அப்பா ஓய்வுபெற்ற தையற்காரர். முழங்கால் தேய்ந்து, யாராவது தூக்கிவிட்டால்தான் எழுவார். கழுத்தில் மட்டும் டேப் தொங்கும்.

சிறுமி பின்படிக்கட்டில் உட்கார்ந்து ஆற்றுக்குள் காலை விட்டாள். எடுக்க மாட்டேன் என்றாள். நர்ஸ் சமையலறை ஜன்னலில் நின்று ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இங்கன்னா பாத்திரம் தேய்க்கக்கூட ஆசையா இருக்குங்க.”

“உனக்கா? எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு” என்றார் கணவர்.

வீடு வாங்குகிறவர்கள் தரகரை நம்புவதில்லை, பக்கத்து வீட்டுக்காரரைத்தான் கேட்பார்கள். அவரும் கேட்டார். “ஆத்துல தண்ணி ஏறினா உள்ள வருமா சார்?”

“மூணாவது படி வரைக்கும் வரும். அதுக்கு மேல நான் பாத்ததில்ல.”

முந்தின வாரம்தான் சுவரில் இருந்த பழைய வெள்ளக் கோட்டைச் சுரண்டி, வெளிர்பச்சை பெயின்ட் மூன்று கை அடித்திருந்தேன். அப்போது இவர்களை எனக்குத் தெரியாது. யாராவது வந்தால் போதும் என்றிருந்தது.

இருந்ததையெல்லாம் விற்று வாங்கினார்கள். சிறுமி எனக்குப் புளுகுத் தாத்தா என்று பெயர் வைத்தாள். சாயங்காலமானால் அவர்கள் படிக்கட்டில்தான் இருப்பேன். நான் மீன் கதையை ஆரம்பித்ததும் தையற்காரர் டேப்பைக் கையில் எடுப்பார்.

“பாதியா மடிச்சுத் தைங்க சார். வாலு தரையில இழுபடுது.”

எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காக நான் மதியமே குளித்துத் தயாராகிவிடுவேன்.

ஒரு புதன்கிழமை, அவர் மட்டும் இருந்தபோது, தன் கீழறைச் சுவரைத் தடவிக் காட்டினார். துணியில் ஒட்டுப்போட்ட இடம் அவர் விரலுக்குத் தப்புமா?

“பெயின்ட்டுக்கு அடியில ஒரு கோடு ஓடுது சார். நாலு சுவத்துலயும். நாலடி ரெண்டு அங்குலம். என்ன கோடு இது?”

நான் பூனைக் கதையை எடுத்தேன். அவர் சிரிக்கவில்லை.

“என் பையன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். குழந்தை இருக்கிற வீடு. தெரிஞ்சா ஒரு நாள்கூட இருக்க மாட்டாங்க.”

நியாயமான மனிதர். அதை நான் எங்கேயும் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அணையிலிருந்து போன் வந்தது. மதகு திறக்கும் முன் எனக்குச் சொல்வதும், நான் இறங்கிப் போய்க் கீழ் வீட்டில் சொல்வதும் பழைய வழக்கம். “மேல மழை ஜாஸ்தி சார். ரெண்டே காலுக்கு எல்லா மதகும் தொறக்கறோம். கீழ் வீட்டுல சொல்லிடுங்க.”

“சொல்லிடறேன்பா” என்றேன்.

தண்ணீர் எங்கள் கரைக்கு வர ஒரு மணி ஐம்பது நிமிடம். கணவனும் மனைவியும் வேலையில், சிறுமி பள்ளியில். பெரியவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போவதாகப் பேச்சு இருந்தது. போயிருப்பார் என்று நினைத்துவிட்டேன். அதுதான் என் தவறு, எழுதிக்கொள்ளுங்கள். சாமான்கள் நனையும், எல்லோரும் மேட்டு வீட்டுக்கு வருவார்கள் என்று என் உள்ளறையைப் பெருக்கினேன். பாய் விரித்துத் தலையணை போட்டேன்.

மூன்று மணிக்குக் கீழ் வீட்டில் கையால் சுற்றும் தையல் மிஷின் ஓடுவதுபோல் இருந்தது. ரேடியோவாக இருக்கும் என்று நினைத்தேன். எறும்பு நடந்தாலே எனக்குக் கேட்கும் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தவன் நான், அதுவும் புளுகுதானே. சத்தம் நான்கு பத்துக்கு நின்றது. நேரம் குறிப்பது தொழில் பழக்கம்.

தண்ணீர் வடிந்ததும் போய் அளந்தேன். நாலடி இரண்டு அங்குலம். கெட்டிக்காரர்.

இப்போது அவர்கள் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். சிறுமி என்னைப் புளுகுத் தாத்தா என்று கூப்பிடுவதில்லை. வெறும் தாத்தா. ராத்திரி என் விரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். நான் இல்லாவிட்டால் அவர்களுக்கு யார் ஐயா?

இதோடு ஐந்தாவது முறை கேட்டுவிட்டீர்கள், தண்ணீர் வருவதற்கு முன்பே விரித்துவைத்த பாய் எத்தனை என்று. பெரியவரின் மகன் பார்த்திருக்கிறார், மறைக்க என்ன இருக்கிறது.

மூன்று. எண்ணிக்கையில் நான் பிசகியதே இல்லை.