பேழையிலிருந்து எடுத்த ஒன்பதாம் நம்பர் பனியன்

பெயர்: சின்னக்கருப்பு. தகப்பனார்: வீரப்பன் (காலமாகிவிட்டார்). வயது: எழுபத்தெட்டு இருக்கும். தொழில்: வீட்டுக் காவல். விலாசம்: சாலா ஆச்சி வீட்டுப் பின்கட்டு, கண்டனூர், சிவகங்கை மாவட்டம். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

நான் மேற்படி விலாசத்தில் எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே இருந்து வருகிறேன். அந்த வீடு பங்காளிகள் எல்லோருக்கும் பொது. கல்யாணம், படைப்பு என்றால் எல்லோரும் வருவார்கள். மற்ற நாளில் சாலா ஆச்சியும் நானும்தான். இன்று காலையில் என்னையும் அழகுராஜா என்ற பையனையும் விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தார்கள். அழகுராஜா நாட்டரசன்கோட்டை ஆசாரி வீட்டுப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், அங்குள்ள ஆண்கள் பாஸ்கட்பால் டீமில் ஆடுகிறான். மனு கொடுத்திருப்பவர் நாச்சியப்பன். அவர் சாலா ஆச்சியின் மூத்த மகன் வழிப் பேரன், சென்னையில் இருக்கிறார். சாமி அறைக்குள் புகுந்து பேழையைத் திறந்து அழகுராஜா திருடினான் என்பது மனு. அவன் திருடவில்லை. எப்படி என்று ஆதியிலிருந்து சொல்லச் சொன்னதால் சொல்கிறேன்.

சாலா ஆச்சிக்கு இரண்டு ஆண் மக்கள். மூத்தவர் நாச்சியப்பனின் அப்பச்சி, அதாவது தகப்பனார். இளையவர் பெத்தாச்சி. பெத்தாச்சி பல்கலைக்கழகத்தில் படித்தபோது பாஸ்கட்பால் டீமில் ஆடினார். அப்போது அங்கே சிமெண்டுத் தரை கிடையாது, செம்மண் பொட்டல்தான், ஆடிவிட்டு வந்தால் முழங்கால் வரைக்கும் செங்கல் நிறமாக இருக்கும். வளையத்துக்கு வலை கிடையாது. பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்று ரெண்டு பக்கமும் சண்டை வரும். ஆச்சி கொடுத்துவிடுகிற பணியாரத் தூக்குவாளியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு நான் போவேன். ஆச்சி ஒரு நாளும் அந்தப் பொட்டலுக்கு வந்ததில்லை. திரும்பி வந்து நான் சைக்கிளைச் சுவரில் சாத்துகிற சத்தத்திலேயே ஜெயித்தார்களா தோற்றார்களா என்று சொல்லிவிடுவார்கள்.

பெத்தாச்சி நல்ல உயரம். எங்கள் வீட்டு உள்கட்டு வாசல் நிலையெல்லாம் தாழ்வு. தினம் ஒரு தரமாவது மண்டையில் இடித்துக்கொள்வார். ஆச்சி அடுப்படியிலிருந்தே, “நிலை வளரலைடா, நீதான் வளந்துட்டுப் போறே, குனி!” என்பார்கள்.

அதன் பிறகு படிப்பு முடிகிற வருஷம் பெத்தாச்சிக்கு மஞ்சள்காமாலை கண்டு, மதுரைக்குக் கொண்டுபோயும் கேட்காமல் இறந்து போனார். கல்யாணம் ஆகவில்லை.

படைப்பு என்றால் என்ன என்று எஸ்.ஐ. சார் கேட்டதற்குச் சொல்கிறேன். செத்துப்போன முன்னோருக்கு வருஷத்துக்கு ஒரு நாள் சாமி அறையில் பங்காளிகள் கூடிச் சமைத்துப் படைப்பார்கள். அவர்களுக்கென்று வேட்டி, சேலை வைத்து, அதைப் பிரம்புப் பேழையில் போட்டு மூடிவிடுவார்கள். அப்புறம் அந்தத் துணியைக் குடும்பத்தில் ஒருத்தர் எடுத்து உடுத்த வேண்டும், உடுத்தினால்தான் செத்தவருக்குப் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. இது அந்த வீட்டு வழக்கம். மற்ற வீடுகளில் எப்படி என்று எனக்குத் தெரியாது.

பெத்தாச்சி இறந்த பிறகு வந்த படைப்பில், அவருக்காக ஆச்சி வைத்தது அவர் ஆடிய நீலப் பனியன். கை இல்லாதது, முதுகில் ஒன்பது போட்டது. பங்காளிகளில் ஒருவர், “பனியனைக் கொண்டாந்து பேழைக்குள்ள வைக்கிறதா, என்ன ஆச்சி இது?” என்று சத்தம் போட்டார். அதற்கு ஆச்சி, “அவன் வேட்டி கட்டி நீங்க யாராச்சும் பாத்தீகளா? அவனுக்குக் கட்டத் தெரியாது. போன எடத்துல அவுத்து விட்டுட்டு நிக்கட்டுமா?” என்றார்கள். நான் அப்போது வாசற்படிக்கு வெளியே விறகு பிளந்துகொண்டிருந்தேன்.

அதன் பிறகு அந்தப் பனியனை யார் உடுத்துவது என்று வந்தது. அண்ணன்தானே என்று மூத்தவருக்குப் போட்டுப் பார்த்தார்கள். அவர் குட்டை. அது தொடை வரைக்கும் தொங்கியது. அவர் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனவர் சாப்பிட வரவில்லை. அன்றிலிருந்து அவர் தம்பியைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. பிறகு சென்னைக்குக் குடிபோய்விட்டார். அதனால் நாச்சியப்பனுக்கு இது ஒன்றும் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் பேரில் எனக்குக் குறை இல்லை.

அதன் பிறகு ஆச்சி என்னைக் கூப்பிட்டு, “கருப்பு, இதுக்கு அளவான ஆளு அந்தப் பொட்டல்லதான இருப்பான், கூட்டிட்டு வா” என்றார்கள். நான் சைக்கிளில் போய் ஒரு பையனைக் கூட்டிவந்தேன். அவன் பெயர் வேல்பாண்டி. இப்போது அவர்தான் அந்த டீமுக்குக் கோச்சு. அவர் உள்ளே வரும்போது நிலையில் மண்டையை இடித்துக்கொண்டு, “அம்மா” என்று கத்திவிட்டார். ஆச்சி அவரை உட்காரவைத்து நெற்றியில் தண்ணீர் வைத்தார்கள். ஆச்சி அதற்கு முன் அழுது நான் பார்த்திருக்கிறேன், அன்றைக்கு அழவில்லை. பனியனைத் தன் கையால் கொடுத்து, “இதப் போட்டுட்டு ஆடு. வேர்க்கணும். வேர்த்தப்பறந்தான் துவைக்கணும், அதுக்கு முன்ன தண்ணி படப்படாது” என்றார்கள். வேல்பாண்டி, “தோத்துட்டா ஆச்சி?” என்று கேட்டதற்கு, “தோத்தா வேர்க்காதாடா?” என்றார்கள்.

அன்றிலிருந்து இது நடந்து வருகிறது. டீம் வெளியூர்ப் போட்டிக்குப் புறப்படும்போது, அந்த வருஷம் ஒன்பதாம் நம்பர் போடுகிற பையன் புதுப் பனியன் ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பான். அதை அடுத்த படைப்புக்கு வாங்கி வைத்துக்கொண்டு, போன படைப்பில் படைத்த பனியனை ஆச்சி அவனிடம் கொடுப்பார்கள். முதல் ஆட்டத்தை அதைப் போட்டுக்கொண்டுதான் ஆடுவான். தரை சிமெண்டு ஆனது, விளக்கு வந்தது, பனியன் துணி வழுவழு என்று ஆனது. எல்லா ஆட்டத்திலும் தோற்றுவிட்டு வந்த வருஷமும் உண்டு. அந்த வருஷம் வீட்டுக்கு வர வெட்கப்பட்டுக்கொண்டு தெருமுனையிலேயே நின்றார்கள். ஆச்சி என்னை அனுப்பி, “சோறு ஆறுது, வரச் சொல்லு” என்றார்கள். அத்தனை பேரும் முற்றத்து வளவில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காலை நீட்டினால் பந்தி முடிகிற இடம் தெரியாது, அவ்வளவு நீளக் கால்கள்.

எனக்கு எழுத்துத் தெரியாது. ஒன்பது மட்டும் பார்த்தால் தெரியும்.

இந்த வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். போன வாரம் ஆச்சி கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. மதுரை ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏற்றும்போது சாமி அறைச் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். நேற்றுச் சாயங்காலம் நர்சம்மா போனில் என்னைக் கூப்பிட்டு ஆச்சியிடம் கொடுத்தார்கள். ஆச்சி, “கருப்பு, நாளைக்கு ஆபரேசனாம். பயலுக நாளைக்குத்தான் கிளம்புறானுகளாம். ஒம்பதாம் நம்பருக்காரன் வருவான். தொறந்து குடுத்துரு” என்றார்கள். “நான் தொடப்படாதே ஆச்சி” என்றேன். “அப்ப அவனையே எடுத்துக்கச் சொல்லு, நான் குடுத்ததா நெனச்சுக்கட்டும்” என்றார்கள்.

பேழையை நீரே திறந்து எடுத்துக் கொடுத்திருக்கலாமே என்று சார் கேட்டதற்கு, நான் அந்த வீட்டுப் பங்காளி இல்லை. அத்தனை வருஷத்தில் சாமி அறை வாசற்படியை நான் தாண்டியதில்லை. யாரும் தாண்டக்கூடாது என்று என்னிடம் சொன்னதும் இல்லை. நானாகத் தாண்டவில்லை.

இன்று காலையில் அழகுராஜா பைக்கில் வந்தான். கையில் புதுப் பனியன் இருந்த பை. ஆச்சியைக் கேட்டான். சொன்னேன். அவனுக்கு முகம் வாடிப்போய், “அப்ப நான் போயிட்டு வாரேன் தாத்தா, வேற பனியன் போட்டு ஆடிக்கிறேன்” என்றான். நான்தான் விடவில்லை. பூட்டைத் திறந்துவிட்டு, “உள்ள போயி இதை வச்சுட்டு அதை எடுத்துக்கப்பா” என்றேன். அவன், “நீங்க தொடப்படாதுன்னா நான் மட்டும் தொடலாமா?” என்றான். “ஆச்சி உன்னயத்தான் சொன்னாக, உனக்குச் சொல்லு இருக்கு, போ” என்றேன். போனவன் நிலையில் நல்லாவே இடித்துக்கொண்டான். புருவத்துக்கு மேலே புடைத்துவிட்டது. குனியச் சொல்ல அங்கே ஆச்சி இல்லை. எனக்கும் அந்த நேரம் சொல்லத் தோன்றவில்லை.

அதன் பிறகு அவன் நெற்றியில் வைக்கத் தண்ணீர் எடுக்க நான் கிணற்றடிக்குப் போனேன். அந்த நேரத்தில்தான் நாச்சியப்பன் ஆச்சியின் துணிமணி எடுத்துப் போக மதுரையிலிருந்து காரில் வந்து முன்வாசல் வழியாக நுழைந்திருக்கிறார். சாமி அறை திறந்து கிடக்கிறது. வெள்ளிச் சாமான் எல்லாம் அங்கேதான் இருக்கும். முகம் தெரியாத ஒரு ஆள் பேழைக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கிறான், பக்கத்தில் வாய் திறந்த பை. யார் பார்த்தாலும் என்ன நினைப்பார்கள். நான் செம்போடு வரும்போது அவன் சட்டையைப் பிடித்துச் சுவரில் சாத்தி வைத்திருந்தார். அழகுராஜா அவரைவிட ஒரு தலை உயரம். கையைத் தட்டிவிட்டு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. பனியனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான்.

நான், “தம்பி, விடுங்க, ஆச்சிதான் எடுக்கச் சொன்னாக” என்றேன். அதற்கு நாச்சியப்பன், “அப்பத்தா மயக்க ஊசி போட்டுக் கெடக்காக, அவுக பேரைச் சொல்லி வீட்டைத் தொறந்துவிட்டியா? ஒரு பழைய பனியனுக்காக உள்ள வந்தான்னு சொன்னா நான் நம்பணுமா?” என்றார். அதன் பிறகு போன் செய்தார். போலீசார் வந்தார்கள். வெள்ளிச் சாமானைச் சரிபார்த்ததில் எல்லாம் இருந்தது. அழகுராஜாவிடம் இருந்தது அந்தப் பனியன் மட்டும்தான். அது இப்போது இந்த மேஜையில் இருக்கிறது.

வேல்பாண்டி சார் இங்கே வந்து சொன்னதை நானும் கேட்டேன். பஸ் சாயங்காலம் புறப்படுகிறது. திருட்டுக் கேஸ் எழுதினால் அழகுராஜா அதில் ஏற முடியாது. விளையாட்டு ஆளுக்கு என்று ஒதுக்கியிருக்கிற போலீஸ் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறான், அதுவும் போய்விடும். அவன் அப்பா ஆசாரி வேலையை விட்டுவிட்டு ஓடி வந்து வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறார், உளி இன்னும் கையில் இருக்கிறது, கீழே வைக்க மறந்துவிட்டார். திறந்துவிட்டவன் நான். உள்ளே போகச் சொன்னவன் நான். கேஸ் எழுதுவதாக இருந்தால் என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாச்சியப்பன் என்னைப் பார்த்து, “எங்க சித்தப்பா நல்லா ஆடுவாகளா?” என்று கேட்டார். நான், “பந்து வந்தா யாருக்கும் தர மாட்டாக தம்பி. அதுக்கு எல்லாரும் வைவாக. ஆனா தோத்த அன்னைக்கும் தூக்குவாளிய நக்கி வச்சுருவாக” என்றேன். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தை அங்குட்டுத் திருப்பிக்கொண்டார். அந்தச் சிரிப்பு பெத்தாச்சியுடையது, ஜாடை அப்படியே இருந்தது. இதையும் எழுதவா என்று ஏட்டையா கேட்டார். எழுதுங்க என்றேன்.

அதன் பிறகு நாச்சியப்பன் மேஜைக்கு வந்து பனியனை விரித்துப் பார்த்தார். “இதத் துவைக்கவே இல்லையா?” என்றார். “இன்னும் வேர்க்கலையே தம்பி” என்றேன்.

நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அந்தப் பனியனைப் பொட்டலம் கட்டி அரக்கு வைக்க வேண்டாம். ஆச்சிக்கு மயக்கம் தெளிந்ததும் முதலில் கேட்கப் போவது இடுப்பைப் பற்றி இல்லை, பயல் வாங்கிட்டுப் போனானா என்றுதான் கேட்பார்கள். நான் பதில் சொல்ல வேண்டும். என் கை அதைத் தொடப்படாது. சார் கையும் தொடப்படாது, கோபித்துக்கொள்ளக்கூடாது. ஆச்சிக்கு அடுத்தபடி கொடுக்கிற கை இங்கே இருப்பது நாச்சியப்பன் கை மட்டும்தான்.

ஏட்டையா இதை எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியேதான் இருக்கிறது. இதில் இல்லாததைச் சேர்க்கவில்லை, இருப்பதை மறைக்கவில்லை. அவ்வளவும் நிஜம்.

(சின்னக்கருப்பு, இடது கைப் பெருவிரல் ரேகை)

என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது. சார்பு ஆய்வாளர்.

குறிப்பு: மனுதாரர் நாச்சியப்பன் தன் மனு மீது மேல்நடவடிக்கை தேவையில்லை என எழுதிக் கொடுத்துள்ளார். மனு முடிக்கப்பட்டது. நீல நிறப் பனியன் ஒன்று, துவைக்கப்படாதது, மனுதாரர் தன் கையால் எடுத்து அழகுராஜாவிடம் கொடுத்தார். அப்போது மனுதாரர் சொன்னது: “வெளிய போறப்ப குனிஞ்சு போடா.” இந்த நிலையத்தின் கதவு உயரமானது. இருந்தாலும் அழகுராஜா குனிந்தே போனார்.