பெண் பார்க்க வந்த ஐந்து பேர்

கூக்கால் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தோழிகள். "என்னையப் பொண்ணு பாத்துட்டு வேணாம்னு போன அஞ்சு பேரையும் எல்லார் முன்னாடியும் டிவில ஸ்லைடு போட்டுக் காட்டிருக்கியே, நீயெல்லாம் மனுசியாடி?" என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

"ஆளுக்கொரு விசயத்தச் சிரிக்கிற மாதிரி ஸ்லைடா பண்ணிக் கொண்டாங்கன்னு விருந்துக்குக் கூப்பிட்டதே நீதானடி. நீயுந்தான் சிரிச்ச."

"என் வீட்டுக்கு வந்தவங்க முன்னாடி அழவா முடியும்? அடுக்களைல நின்ன எங்கம்மா எல்லாத்தையும் கேட்டுருச்சு."

மற்றவள் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள்.

"அஞ்சாவது ஆள எனக்குப் பிடிச்சிருந்துச்சுன்னு உங்கிட்ட மட்டுந்தான்டி சொன்னேன். அதையும் ஸ்லைடுல போட்டுட்ட. அதுக்குத்தான் எல்லாரும் ரொம்பச் சிரிச்சாங்க."

பூம்பாறையில் பாதிப் பேர் இறங்கினார்கள். ஜன்னலோரம் இருந்தவள் பையை எடுத்துக்கொண்டு முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்தாள்.