ஐரிஸ் பாத்தியும் பாலேந்திராவின் தாடியும்

எங்கள் வீட்டில் தேங்காய்ப்பால் சொதி எப்போதும் கொஞ்சம் தண்ணியாகத்தான் இருக்கும். தாடி இல்லாத மனிதருக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. என் கணவர் பாலேந்திராவுக்குத் தாடி இருந்தது. நெஞ்சுவரை.

ஐரிஸ் பூவால் வந்த தாடி அது. அந்தப் பூவின் கீழிதழ்களிலும் தாடி போல மஞ்சள் ரோமம் இருக்கும். லண்டனில் நாங்கள் இருக்கும் மிச்சம் என்ற ஊரில் வருடா வருடம் நடக்கும் பூக்காட்சியில் தன் ஐரிஸுக்கு முதல் பரிசு கிடைக்கும்வரை முகத்தில் கத்தி வைப்பதில்லை என்று 2003இல் இவர் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தார். பிள்ளையார் அவசரப்படவில்லை. பரிசெல்லாம் இரண்டு வீடு தள்ளியிருக்கும் நகுலேஸ்வரிக்கே போயின. ஒரு கலியாண வீட்டில் யாரோ இவரைச் சாமியார் என்று நினைத்துக் காலில் விழுந்து திருநீறு கேட்டார்கள். இவரும் பூசிவிட்டார். அன்றைக்கு எனக்கு வெறுத்துப்போயிற்று.

2006 ஏப்ரலில் நகுலேஸ்வரி மகளின் பிள்ளைப்பேற்றுக்குக் கனடா போனாள். தோட்டத்துக் கதவின் திறப்பை என்னிடம்தான் தந்தாள்.

"அக்கா, ஐரிஸுக்குத் தண்ணி ஊத்திப்போடாதேங்கோ. கிழங்கின்ர முதுகு மண்ணுக்கு வெளியில வெயில் காயவேணும். மூடினால் அழுகிப்போம்."

"ஓம் பிள்ளை, நீ யோசிக்காமல் போட்டு வா," என்றேன்.

போய்ப் பார்த்தேன். இஞ்சி மாதிரிக் கிழங்குகள் லண்டன் குளிரில் வெறும் முதுகோடு கிடந்தன. நானும் ஒரு தாய். பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பை பையாக உரமண் வாங்கி இழுத்துப் போர்த்திவிட்டேன். காலையும் மாலையும் வாளியால் தண்ணீர் ஊற்றினேன். மழை பெய்த நாட்களில் குடை பிடித்துக்கொண்டு போய் ஊற்றினேன். பெற்ற பிள்ளைகளைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

மே மாதம் மொட்டோடு நின்ற தண்டுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. தொட்டால் கிழங்கு கூழாக வந்தது. நாற்றம் வேலி தாண்டியது. திரும்பி வந்த நகுலேஸ்வரி பாத்தியருகே குந்தியிருந்து அழுதாள். பாவமாகத்தான் இருந்தது. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

"இந்த நாட்டு வெதரை நம்ப ஏலாது, பிள்ளை."

இவருக்கு முதல் பரிசு கிடைத்தது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, சலூனில் மழுங்க வழித்துக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். சொதியை ஒரு கரண்டி குடித்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது.

"சொதி தண்ணியாக் கிடக்கப்பா."

அந்தக் கோணலை நான் அடியோடு மறந்துபோயிருந்தேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து பார்த்த கோணல். இத்தனை காலமும் தாடிக்குள் மறைந்து கிடந்திருக்கிறது.

நான் கோபப்படவில்லை. "அடுத்த வருஷப் பரிசுக்கும் அதே நேர்த்தியை வையுங்கோவன்," என்று அன்பாகச் சொன்னேன். இவருக்கு வாயெல்லாம் பல். உடனே வைத்துவிட்டார்.

இப்போது எங்கள் பாத்தியிலும் கிழங்குகள் வெறும் முதுகோடு கிடக்கின்றன. பாவம், குளிருமல்லவா. காலையும் மாலையும் வாளியோடு போகிறேன்.