அசையாத நம்பர்

— மீட்டர் மூடியக் கழட்டு கார்த்தி.

— இப்ப எதுக்கு வசு? மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசர் சமயநல்லூர் தாண்டிட்டாராம். வந்ததும் நம்பரக் காட்டுவோம், கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவாரு.

— காலைல இருந்து பாக்குறேன். சாயப்பட்டறைக் கழிவுத்தண்ணி கொதிக்கக் கொதிக்கவும் வருது, ஆறிப்போயும் வருது. மீட்டர்ல உப்பு நம்பர் மட்டும் செத்தவன் நாடி கணக்கா அசையாமக் கெடக்கு. சூடு மாறுனா நம்பரும் கொஞ்சமாச்சும் ஆடணும், என் மாடல்ல இப்படி வராது.

— பெரிய மாடல்! கம்ப்யூட்டர்ல ஓடுறதும் குழாயில ஓடுறதும் ஒண்ணாயிருமா?

— மேடம், ஊரு ஆளுக கேட்டுக்கு வந்துட்டாக. மலையம்மாக்கா கெணத்துத் தண்ணிய சொம்புல கொண்டாந்திருக்கு. மேடத்த ஒரு வாய் குடிக்கச் சொல்லுங்குது.

— இருக்கச் சொல்லுங்க சங்கிலிண்ணே, வாரேன். கேட்டியா கார்த்தி? கெணறு கெட்டதுக்குப் பட்டறை காரணமில்ல, என் சென்சார் பொய் சொல்லாதுன்னு ஊரக் கூட்டி வச்சுச் சொன்னவ நான். அத நம்பித்தான் புள்ளைகளுக்கு அந்தத் தண்ணியவே குடுத்துக்கிட்டு இருக்காக. தள்ளு, நானே கழட்டுறேன்.

— வேணாம் வசு. சொன்னாக் கேளு.

— என்னது இது? உள்ள சொட்டுத் தண்ணியில்ல! மீட்டருக்குப் பிரியிற குழாய் வால்வ மூடி வச்சிருக்கு. சென்சார் வளையத்துக்குள்ள தண்ணி ஓடணும், கம்பியில்ல கெடக்கு? நம்ம ஒர்க்‌ஷாப்புல டெஸ்ட் பண்ணக் கோத்துக் கட்டுவோமே, அதே கம்பி. அதத் தண்ணின்னு நெனச்சுக்கிட்டு இதுவும் ஒரே நம்பரச் சொல்லுது. எந்தப் பாவி பண்ணுனது? முதலாளி துளசிராமா?

— அவருக்கு ஒண்ணும் தெரியாது.

— பின்ன?

— நாந்தான்.

— புருசன்னு நம்பி மாட்ட விட்டேனே. வெல போயிட்டியா?

— சத்தியமா இல்ல வசு! மாட்டுன அன்னைக்கு உப்பு, இருக்க வேண்டியதுக்கு மூணு மடங்கு காட்டுச்சு. நீ பிளாஸ்டிக் குழாய வச்சுத்தான கணக்குப் போட்டிருப்ப? இங்க இரும்புக் குழாய். இரும்பு பக்கத்துல இருந்தா நம்பர் ஏறும். கணக்கு ஒதைக்குதுன்னு நெனச்சேன். மறுநா அத்தன பேரு முன்னாடி உனக்கு டெமோ. நீ தலைகுனிஞ்சு நிக்கக் கூடாதுன்னு வால்வ மூடிக் கம்பியக் கட்டுனேன். எல்லாரும் கைதட்டுனாக. அப்புறம் அவுக்க மனசு வரல.

— எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?

— கேட்டா ஒடஞ்சு போயிருவியோன்னு...

— கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். நான் இரும்புக் குழாய்க்குத்தான் கணக்குப் போட்டேன் கார்த்தி. நீ பாத்த அந்த மூணு மடங்கும் நெசம்.